பாடம் ஏன் பிடிபடவில்லை? கடற்கரைப் பள்ளி மாணவர்களின் வாசிப்பைச் சீர்செய்ய ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான கடற்கரை ஊர்களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களிடம் பேசினால் ஒரே குறை திரும்பத் திரும்பக் காதில் விழும்: பையன் வாய் ஓயாமல் பேசுகிறான், புத்தகத்தைக் கொடுத்தால் நின்றுவிடுகிறான். அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் ஏறத்தாழ ஒன்றேதான்: கைப்பேசி, கவனிக்காத பெற்றோர், கீழ்வகுப்புகளில் சரியாக அமையாத அடிப்படை. இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் நாளைக் காலை முதல் பாடவேளையில் என்ன செய்வது என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை. பதின்வயது மாணவரின் வாசிப்பு ஐந்தாறு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் அறுந்திருக்கலாம். அறுந்த இடம் தெரியாமல் கொடுக்கும் பயிற்சி, எழுத்து நன்றாகத் தெரிந்த பிள்ளையை மீண்டும் எழுத்துக்கூட்ட வைப்பதிலும், எழுத்தே தடுமாறும் பிள்ளைக்குக் கடினமான வினாவிடையைத் திணிப்பதிலும் போய் முடியும்.

சிக்கலின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட 2023ஆம் ஆண்டின் ஏசர் (ASER) என்னும் கல்வி நிலை ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவரால் இரண்டாம் வகுப்பு நிலையிலான பத்தியைத் தம் மாநில மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடு பங்கேற்றபோது, வாசிப்பில் பட்டியலின் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஆகவே இது நம் கடற்கரைக்கு மட்டும் உரிய குறை அன்று. குறையின் காரணங்களில் சில மட்டுமே இங்கு வேறுவிதமாக அமைந்திருக்கின்றன.

பத்து நிமிடம் தனியாக அமர்ந்து கேளுங்கள்

மாணவரை வகுப்பின் பார்வையிலிருந்து விலக்கி, மரத்தடியிலோ நூலக அறையிலோ உட்கார வையுங்கள். அவர் படிக்கும் வகுப்புக்கு ஒரு வகுப்புக் கீழேயுள்ள பாடநூலிலிருந்து, அவர் மனப்பாடம் செய்திராத நூறு சொற்கள் அளவுள்ள உரைநடைப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்த வேண்டாம். எங்கே நிற்கிறார், எதை விழுங்குகிறார், எந்தச் சொல்லை ஊகித்து வேறாகச் சொல்கிறார் என்பதை மட்டும் உங்கள் படியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை அவருடைய பேச்சு மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, அதே கடினத்தன்மையுள்ள வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதையும் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நோயை அடையாளம் காட்டுவது அதுதான். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய விளக்கம் ஒன்று உண்டு: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம், இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் விடையும் சுழியாகிவிடும் என்பதே. தானே வாசிக்கும்போது திணறிய மாணவர், நீங்கள் வாசித்துக் காட்டியதும் கதையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், அவருக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சியும் சரளமும். தங்குதடையின்றி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்ல முடியாமல், கேட்டபோதும் சொல்ல முடியாமல் போனால், குறை சொல்வளத்திலும் பொதுஅறிவிலும் இருக்கிறது. இரண்டிலும் நன்றாகச் செய்துவிட்டு வகுப்பில் மட்டும் பின்தங்குபவர் என்றால், கண், தூக்கம், வீட்டுச் சூழல், மனம் ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழைகள் மிகுவது, புத்தகத்தை முகத்தருகே பிடிப்பது, மாலையில் தலைவலி என்று சொல்வது ஆகியவற்றைக் கண்டால், வேறு எதையும் தொடங்குவதற்கு முன் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணாடி கொடுக்கப்பட்டும் கேலிக்குப் பயந்து அதைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால், கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டால் போதாது, போட்டுக்கொள்கிறார்களா என்றும் பாருங்கள். வாரம் ஒருமுறை பள்ளியில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெண்பிள்ளைகள் உண்மையில் விழுங்குகிறார்களா என்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்; இரத்தசோகையுள்ள பிள்ளை பிற்பகல் பாடவேளையில் வரிகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்.

எழுத்து தடுமாறும்போது

தமிழ் எழுத்துகள் 247 என்றாலும், பதின்மூன்று வயதில் தடுமாறும் பிள்ளைக்கு அத்தனையும் தெரியாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தடுமாற்றம் இருக்கும்: எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி வரும் ஒகர, ஓகார வரிசைகள், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு, நீண்ட சொற்கள். மூன்றாவதுதான் மேல்வகுப்புகளில் பெரிய தடை. "மேற்கொள்ளப்பட்டிருந்தபோதிலும்" என்ற ஒரே சொல்லைச் சமூக அறிவியல் பாடத்தில் சந்திக்கும் மாணவர், முதல் மூன்று எழுத்துகளைக் கூட்டிவிட்டு மீதியை ஊகிக்கத் தொடங்குகிறார். அதனை மேற்கொள்ள, பட்டு, இருந்த, போதிலும் என்று சாய்கோடு போட்டுப் பிரித்துக் காட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே சொல்ல வைத்து, பிறகு ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். ஒரு பாடத்தில் இத்தகைய சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். பாடம் நடத்துவதற்கு முந்தைய நாளே அவற்றைப் பலகையின் ஓரத்தில் பிரித்து எழுதிவிட்டால், மறுநாள் வாசிப்பில் பாதித் தடை நீங்கிவிடும்.

சரளம் வருவதற்கு, ஒரே பத்தியை மூன்று நான்கு முறை வாய்விட்டு வாசிப்பதைப் போல் எளிய பயிற்சி வேறில்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும், பிறர் உடனிருந்து வழிகாட்ட மீண்டும் மீண்டும் வாய்விட்டு வாசிப்பது பலன் தருவதாகக் குறிப்பிட்டது. தங்கச்சிமடம், பாம்பன் போன்ற ஊர்களில் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கும் பொறுப்பு கிடைத்த பிள்ளை, சனிக்கிழமை மாலை வீட்டில் பலமுறை வாசித்துப் பார்ப்பதைக் காணலாம். பலர் முன் வாசிக்க வேண்டும் என்ற நோக்கமும், முன்கூட்டியே பழகிக்கொள்ளும் வாய்ப்பும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன. வகுப்பில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. முன்னறிவிப்பின்றி எழுப்பிவிட்டு, ஆளுக்கு இரண்டு வரி என்று வரிசையாக வாசிக்க வைக்கிறோம்; தடுமாறுபவர் நாற்பது பேர் முன் தடுமாறுகிறார், மற்றவர்களோ தம் முறைக்குரிய வரியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, இருவர் இருவராகப் பிரித்து, சற்று நன்றாக வாசிப்பவர் முதலிலும் தடுமாறுபவர் அடுத்தும் அதே பத்தியை வாசிக்கும்படி செய்யுங்கள். வகுப்பு இரைச்சலாக இருக்கும். தலைமையாசிரியருக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற ஆங்கில அட்டவணையை அப்படியே தமிழுக்குப் பொருத்த வேண்டாம். நான்கைந்து ஆங்கிலச் சொற்களின் வேலையை நம் ஒற்றைச் சொல் செய்துவிடுவதால் அந்த எண்ணிக்கை நம் பிள்ளைகளைத் தேவையில்லாமல் மட்டம் தட்டும். அதே மாணவரின் சென்ற மாதப் பதிவோடு இந்த மாதப் பதிவை ஒப்பிட்டால் போதும்.

எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஒன்றாம் வகுப்புப் படநூலைக் கொடுப்பதும் கூடாது. எழுத்து எளிதாக இருக்கட்டும், விஷயம் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். கிரிக்கெட் செய்தி, மீன் ஏலக் கணக்கு, இயந்திரம் பழுதுபார்க்கும் குறிப்பு என எதுவும் உதவும். இத்தனையும் பல மாதங்கள் செய்தும் அசைவே இல்லையென்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உள்ளிட்ட சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, எட்டிலேயே தொடங்குங்கள்.

எழுத்து வருகிறது, பொருள் வரவில்லை

என் கணிப்பில் இந்தக் கடற்கரையில் மிகுதியாக இருப்பதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இந்த வகைதான். ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தி கொடுக்கப்பட்டது. வாசிப்புத் தேர்வில் பின்தங்கியவராக இருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் முன்னணியில் இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைக் காட்டிலும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பத்தியில் சொல்லப்படாமல் விடப்பட்டதை வாசகர் தம் அறிவால் நிரப்பிக்கொள்கிறார். அந்த அறிவு இல்லாதபோது சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தும் பொருள் கூடுவதில்லை.

நம் பிள்ளைகளிடம் அறிவு இல்லாமல் இல்லை, பாடநூல் அதைத் தொடுவதில்லை என்பதுதான் இங்குள்ள நிலை. பருவக்காற்று பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "வெப்பநிலை வேறுபாட்டினால் அழுத்த வேறுபாடு உண்டாகி, உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தாழ் அழுத்தப் பகுதியை நோக்கிக் காற்று வீசுகிறது" என்ற வரியை வாசித்துவிட்டுப் பாம்பன் மாணவர் பேசாமல் நிற்பார். "கச்சான் காற்று அடிக்கும்போது எந்தக் கடலில் தொழில் செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கச்சான்ல தென்கடல் கலங்கிக் கெடக்கும் சார், வடகடல் சும்மா இருக்கும், வாடை பொறந்தா அப்படியே மாறிரும்" என்று உடனே விடை வரும். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் ஆண்டின் எந்த மாதங்களில் எப்படி இருக்கும் என்பதை அறிந்த பிள்ளைக்குத் தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகளின் அனுபவம் முழுமையாக இருக்கிறது. அந்த விடையைப் பலகையில் எழுதி, கச்சானுக்கு எதிரே தென்மேற்குப் பருவக்காற்று என்றும் வாடைக்கு எதிரே வடகிழக்குப் பருவக்காற்று என்றும் குறித்த பிறகே பாடநூலைத் திறவுங்கள். கடற்பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் பாடத்தின் பாசிகளைக் கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசி வகைகளிலிருந்து தொடங்கலாம். சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரைசல், செறிவு, படிகமாதல் ஆகியவற்றைப் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் தெரிந்ததிலேயே நின்றுவிடுவதும் ஆபத்துதான். நாடாளுமன்றம், தொழிற்புரட்சி, வங்கி வட்டி, உயிரணு போன்றவற்றுக்குக் கடலில் ஒப்புமை தேடுவது வீண்வேலை. அவற்றுக்குப் புதிய அறிவைத்தான் ஊட்ட வேண்டும். பாடத்துக்கு முன் ஒரு நிலப்படம், இரண்டு படங்கள், ஐந்து நிமிடக் கதை, ஆறு புதிய சொற்கள் போதும். அதற்குமேல் போனால் பிள்ளைகள் கதையைக் கேட்டுவிட்டுப் பாடத்தை வாசிக்காமல் விட்டுவிடுவார்கள்.

ஒரு புயல் அறிவிப்பைக் கொண்டு பாடம்

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாளில் இந்தக் கரையில் எல்லோரும் வாசிக்க விரும்பும் எழுத்து ஒன்று உண்டு. அதையே பாடமாக்கலாம். வழக்கமான வாசகம் இப்படி அமையும்:

"தென்மேற்கு வங்கக்கடலில் நேற்று நிலவிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மேற்கு வடமேற்குத் திசையில் நகர்ந்து, அடுத்த 24 மணி நேரத்தில் தாழ்வு மண்டலமாக வலுப்பெறக்கூடும் என்பதால், மன்னார் வளைகுடாப் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் அப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்."

தமிழில் வினை கடைசியில் வருவதால், எழுவாயைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மனத்தில் ஏந்திச் செல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாக வாசிப்பவர் பாதி வழியிலேயே அதைத் தவறவிட்டுவிடுகிறார். ஆகவே முதலில் முற்றுவினைகளுக்கு அடிக்கோடு இடச் சொல்லுங்கள்: வலுப்பெறக்கூடும், வீசக்கூடும், அறிவுறுத்தப்படுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் எது, யார் என்று பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். வலுப்பெறக்கூடியது தாழ்வுப் பகுதி, வீசக்கூடியது காற்று, அறிவுறுத்தப்படுபவர்கள் மீனவர்கள். அறிவுறுத்துபவர் யார்? வாசகத்தில் அவர் இல்லை. செயப்பாட்டு வினை அவரை மறைத்துவிட்டது என்பதை மாணவரே கண்டுபிடிக்கட்டும். அடுத்த வினா: இதில் நடந்து முடிந்தது எது, நடக்கலாம் என்று சொல்லப்படுவது எது? தாழ்வுப் பகுதி நிலவியது நடந்தது, மற்றவை "கூடும்". கடைசி வினா: புயல் உருவாகிவிட்டதா? பாதி வகுப்பு ஆம் என்று சொல்லும். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல்தான் புயல். அதைச் சொல்லிவிட்டு மீண்டும் வாசிக்கச் செய்யுங்கள். எவரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கும் அறிவிப்பின் மூல வாசகத்துக்கும் உள்ள இடைவெளியை அன்று மாலையே பிள்ளைகள் வீட்டில் எடுத்துச் சொல்வார்கள்.

இதே மூன்று வேலைகளையும், அதாவது முற்றுவினையைக் காண்பது, எழுவாயைத் தேடுவது, உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரிப்பது ஆகியவற்றை, மறுவாரம் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பத்தியில் அந்த ஆசிரியரே செய்ய வேண்டும். அறிவியலின் வாக்கியத்தை அறிவியல் ஆசிரியர் அவிழ்த்துக் காட்டாமல் தமிழாசிரியரிடம் தள்ளிவிடும்வரை இந்தச் சிக்கல் தீராது. பத்தி முடிந்ததும் அதன் சாரத்தை இரண்டு வரியில் மாணவரே எழுத வேண்டும். பத்தியைச் சுருக்கத் தெரிந்த மாணவர்கள் வாசிப்பில் முன்னிற்பதை 2009ஆம் ஆண்டு பீசா முடிவுகளும் காட்டின. ஆங்கிலவழியில் படிப்பவர்களுக்கு, அதே பொருளைத் தமிழில் ஒருமுறை பேசிவிட்டு ஆங்கிலப் பத்தியைத் திறப்பதில் தவறேதும் இல்லை.

நாளும் நேரமும்

வருகைப் பதிவேட்டைத் தமிழ் நாட்காட்டியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தாய்மார்கள் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் ஊர்களில், மூத்த பெண்பிள்ளை அடுப்பையும் தம்பி தங்கையரையும் பார்த்துக்கொள்கிறாள். அந்த நாட்களில் வாசிப்புத் தேர்வையோ புதிய பாடத்தின் தொடக்கத்தையோ வைக்காமல் தள்ளிப்போடுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. விடியுமுன் கரைவலை இழுக்கவோ மீன் பிரிக்கவோ போய்விட்டு வரும் பையன் இரண்டாம் பாடவேளையில் தூங்கினால், அவனைத் திட்டுவதைவிட முக்கியமான பாடத்தை மூன்றாம் வேளைக்கு மாற்றுவது பலன் தரும். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் அளித்த பரிந்துரை. விடியற்காலை வேலையைத் தவிர்க்க முடியாத வீட்டில், இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியைப் பெற்றோர் வாங்கி வைத்துக்கொள்வது ஒன்றே நடைமுறையில் கைகூடக்கூடியது.

கைப்பேசியில் பாடம் படிப்பதைப் பற்றியும் ஒரு சொல். காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளின் தொகுப்பாய்வு ஒன்று 2018இல் வெளியானது. தகவல் சார்ந்த எழுத்தில், குறிப்பாக நேர நெருக்கடியில், காகிதத்தில் வாசித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். கதைகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. கதையைக் கைப்பேசியில் படிக்கட்டும், அறிவியல் குறிப்பை அச்செடுத்துக் கொடுங்கள்.

கையில் எட்டும் புத்தகம்

கலாம் சிறுவயதில் செய்தித்தாள் போட்டதையும் இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்ததையும் ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் அதைக் கேட்காமலே கைதட்டப் பழகிவிட்டார்கள். அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, நாள்தோறும் அச்சிட்ட தாள் ஒரு சிறுவனின் கையில் இருந்தது என்ற செய்திதான். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்கு அரசு வெளியிடும் தேன்சிட்டு இதழ் தலைமையாசிரியர் அறையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தால், அதை இன்றே வகுப்பு ஜன்னல் ஓரத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அரசின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் அமைந்திருப்பதால் எட்டாம் வகுப்பிலும் "நுழை"யிலிருந்து தொடங்கலாம்; அட்டையில் வகுப்பு எண் இல்லாததால் மாணவருக்கு வெட்கம் ஏற்படாது. புத்தகம் கிழிந்துவிடும் என்று பூட்டி வைக்கும் அலமாரியால் எவருக்கும் பயனில்லை.

பீசா நடந்த ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் வாசிப்பில் பெண்பிள்ளைகளே முன்னணியில் இருக்கிறார்கள். இங்கே ஆண்பிள்ளைகள் இன்னும் விரைவாக விலகுவதற்கு, கடலுக்குப் போகும் ஆண்கள் வாசிப்பதை அவர்கள் பார்ப்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம், பள்ளியின் கோடை விடுமுறையோடு பெரும்பாலும் ஒன்றிப் போகிறது. தந்தை வீட்டில் இருக்கும் அந்த நாட்களில், மகன் நாளிதழின் ஒரு செய்தியை வாய்விட்டு வாசிக்க, தந்தை வலை பின்னிக்கொண்டே கேட்கலாம், எழுதப் படிக்கத் தெரியாத தந்தையும் "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்க முடியும். கிளை நூலகத்தில் உறுப்பினராக்குவதற்குரிய விண்ணப்பங்களைத் தேர்வு முடியும் வாரத்திலேயே வகுப்பில் நிரப்பி வாங்கிவிடுங்கள், விடுமுறை தொடங்கிவிட்டால் எவரும் வரமாட்டார்கள்.

அத்துடன், ஒவ்வொரு மாணவருக்கும் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். "வாசிப்பு மோசம்" என்று எழுத வேண்டாம். எந்தப் பத்தியை வாசித்தார், எந்த வகைச் சொற்களில் நின்றார், கேட்டுச் சொல்லும்போது எப்படி இருந்தார், கண்ணாடி உண்டா, எந்த நாட்களில் வராமல் போகிறார், கடைசியாக முடித்த புத்தகம் எது என்பவற்றை எழுதினால், ஜூன் மாதத்தில் அந்த ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.